நோட்டீஸுக்கு முன்னால் ஒரு ரயில் டிக்கெட்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் வக்கீலான எனக்கு எழுதியிருக்கிறார். வயது 29. முதல் படம் இயக்கிக்கொண்டிருக்கிறார். வளைகுடாவில் பல வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தைப் போட்டு, தாய்மாமாவே தயாரிக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சாரம் இது. கதையில் வரும் வயதான மீனவர் வேடத்துக்கு, நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடித்துவரும் ஒருவரைச் சென்னையிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். மொத்தம் 21 நாள் கால்ஷீட். 12 நாள் முடிந்தது. தொடக்கத்திலிருந்தே உரசல். ஷாட் முடிந்ததும் "போதுமா தம்பி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். எழுதிய வசனத்தை மாற்றுவார். விளவங்கோட்டு வட்டாரப் பேச்சை விட்டுவிட்டு மேடைத் தமிழுக்குத் தாவுவார். உடன் நடிக்கும் பெண்ணுக்கு எப்படி அழுவது என்று பாடம் நடத்துவார். வசனத் தாள் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் வந்தது என்று உதவி இயக்குநரான பெண்ணை அழ வைத்தார்.

பதின்மூன்றாம் நாள், முட்டம் பாறையில், மதியம். ஒரே ஷாட்டுக்குப் பதினான்காவது டேக். நம் இயக்குநர் மைக்கை எடுத்து, "சார், இது நாடக மேடை இல்ல. நடிக்காதீங்க, சும்மா நில்லுங்க" என்றிருக்கிறார். அறுபது பேர் கேட்டார்கள். மூத்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு நடந்துவிட்டார். மறுநாள் ரயில். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. மேனேஜரைக் கேட்டால் "சாருக்கு மனசு சரியில்லை" என்பதோடு சரி. மாமா மீதிப் பணத்தை நிறுத்திவிட்டார். தெரிந்த வக்கீல் ஒருவர் 25 லட்சம் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் தயாரித்து வைத்திருக்கிறார்.

கேள்விகள்: கோர்ட் மூலம் அவரை வரவழைக்க முடியுமா? முடியாவிட்டால், எடுத்த காட்சிகளை வைத்துக்கொண்டு மீதியை வேறு ஆளையோ ஏஐ முகத்தையோ குரலையோ வைத்து முடிக்கலாமா? கடைசியாக, "சிவாஜி சாரே பாரதிராஜா சார் சொன்னதைக் கேட்டு அடக்கி நடித்தார். இந்த சீனியர்களுக்கு எங்களைப் போன்ற சின்னப் பையன்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு ஈகோ? எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை" என்று முடிக்கிறார்.

தம்பி,

முதலில் கோர்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். அது நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது.

சட்டம் தருவதும் தராததும்

நடிக்க வா என்று யாரையும் எந்த நீதிமன்றமும் இழுத்து வராது. ஒருவருடைய சொந்தத் திறமையை நம்பி நிற்கும் ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட முடியாது என்பதை 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 14-ஆவது பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. அந்தத் தேதிகளில் வேறு படத்துக்குப் போக மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தால், 42-ஆவது பிரிவின்படி அப்படிப் போவதைத் தடுக்கக் கேட்கலாம். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்க ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. இருந்திருந்தாலும்தான் என்ன? அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் உங்கள் படம் முடிந்துவிடுமா?

நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குக் காட்டச் சொல்லும்; அந்த நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள் என்றும் பார்க்கும். பதினொரு நாளில் நீங்கள் அவருக்கு நேரடியாக ஒரு போன்கூடப் போடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 25 லட்சத்தில் பத்து லட்சம் "மன உளைச்சலுக்கு" என்று போட்டிருக்கிறார் உங்கள் வக்கீல். வியாபார ஒப்பந்தத்தில் அது பொதுவாக நிற்காது. அவர் நண்பராக இருந்தால் அன்பாகச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்காது. அந்த ஒப்பந்தம் உங்கள் மாமாவுக்கும் அவருக்கும் இடையில் உள்ளது. நீங்கள் அதில் இல்லவே இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. எனக்கும் இது கசப்புதான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் நான்காவது வரியில், முதல் ஷெட்யூல் முடிந்ததும் இரண்டாம் தவணை தர வேண்டும் என்று இருக்கிறது. ஷெட்யூல் முடிந்தது, தவணை போகவில்லை. அதாவது அவர் துண்டைப் போட்டுவிட்டுப் போவதற்கு முன்பே ஒப்பந்தத்தை மீறியது உங்கள் தரப்பு. நோட்டீஸ் போனால் பதில் நோட்டீஸில் முதல் வரியே இதுவாகத்தான் இருக்கும். மாமா கோபத்தில் நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். தேதியைப் பார்த்தால் கோபத்துக்கு முன்பே நின்றிருக்கிறது.

எடுத்த காட்சிகளைப் பயன்படுத்தலாமா? இந்தப் படத்தில் நடிக்க அவர் எழுத்தில் சம்மதித்திருப்பதால், பயன்படுத்தலாம். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு அவருக்கு இரண்டு உரிமைகளைக் கொடுக்கிறது. நடித்தவர் என்று அவர் பெயரைப் போட வேண்டும். அவர் மதிப்பு கெடும்படி நடிப்பைத் திரிக்கக் கூடாது. நீளம் கருதி எடிட்டிங்கில் வெட்டுவது திரிப்பு ஆகாது, அந்தப் பயம் வேண்டாம். ஏஐ முகம், ஏஐ குரல் பக்கம் மட்டும் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் தன் முகத்தையும் குரலையும் ஏஐ கொண்டு உருவாக்குவதற்கு எதிராக இந்தி நடிகர் அனில் கபூர் 2023-இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியிருக்கிறார். நட்பு முறிந்துபோன மூத்த நடிகர் ஒருவரின் முகத்தை, அவரைக் கேட்காமல் கணினியில் செய்து படத்தில் வைத்தால், வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்குப் பிறகு உங்கள் படத்தில் நடிக்க யார் வருவார்கள்?

சரி. இனிமேல்தான் நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி.

பதினான்கு டேக்

ஈகோ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் ஈகோ இருக்கும். எழுபது வயது நடிகருக்கு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த எனக்கு, பெரும்பாலும் வேறு ஏதோ தெரிகிறது.

அவர் தொழில் கற்றது ஃபிலிம் காலத்தில். 35 எம்எம்மில் 1000 அடி ரோல் ஓடுவது சுமார் 11 நிமிடம். 400 அடி ரோல் நாலரை நிமிடம் முழுசாக வராது. ஒவ்வொரு அடியும் காசு, கழுவுவதற்கும் காசு. அதனால் கேமரா ஓடுவதற்கு முன்னால் ஐந்தாறு ரிகர்சல் பார்ப்பார்கள். ஓட ஆரம்பித்தால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு டேக். அந்தத் தலைமுறையில் "அவன் பத்து டேக் வாங்கினான்" என்றால் அது பழிச்சொல். "வாங்குவது" என்ற வினையையே கவனியுங்கள், அடி வாங்குவது மாதிரி. நீங்களோ மெமரி கார்டில் இடம் இருக்கும்வரை எடுத்து, பிறகு எடிட்டில் உட்கார்ந்து பொறுக்கலாம் என்று வளர்ந்தவர். உங்களுக்குப் பதினான்கு டேக் என்பது பதினான்கு வாய்ப்பு. அவருக்குப் பதினான்கு முறை ஃபெயில்.

அதிலும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒன் மோர்." பதின்மூன்று முறையும் அவ்வளவுதான். என்ன மாற்ற வேண்டும் என்று ஒருமுறையாவது சொன்னீர்களா? "என் மனசில் இருந்தது வரவில்லை" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனசில் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் மானிட்டர். முன்பு இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பார். கட் சொன்னதும் நடிகர் பார்ப்பது அவருடைய முகத்தைத்தான். தலையாட்டலா, உதட்டுப் பிதுக்கலா என்பதிலேயே பாதி டைரக்‌ஷன் முடிந்துவிடும். நீங்கள் அறுபது அடி தள்ளி, கறுப்புத் துணிக்குள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். முட்டம் அலைச் சத்தத்துக்கு நடுவே குரல் மட்டும் வருகிறது. எழுபதைத் தாண்டியவர்களுக்குக் காது மெல்லச் சதி செய்யும், அதிலும் இரைச்சலுக்கு நடுவே சொற்கள் பிரியாது. நீங்கள் சொல்வதற்கெல்லாம் "சரி" என்று தலையாட்டிவிட்டு மறுபடி அதையே செய்தார், திமிர் என்கிறீர்கள். கேட்கவில்லை என்று ஏன் இருக்கக் கூடாது? கேட்கவில்லை என்று ஒரு நடிகர் செட்டில் வாய்விட்டுச் சொல்லுவாரா?

லைவ் சவுண்ட் எடுத்தீர்கள், அதாவது படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்தீர்கள் என்பதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். (முட்டம் பாறையில், அந்தக் காற்றில், லைவ் சவுண்டுக்குத் துணிந்த உங்கள் சவுண்ட் என்ஜினியரை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.) நம் சினிமாவில் நெடுங்காலம் குரலைப் பிற்பாடு டப்பிங்கில்தான் சேர்த்தார்கள். அதனால் ஷாட் ஓடும்போதே உதவி இயக்குநர் பக்கத்திலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுப்பார், நடிகர் அதைப் பிடித்துக்கொண்டு போவார். லைவ் சவுண்டில் அந்தக் குரல் பதிவாகிவிடும் என்பதால் பிராம்ப்ட் செய்ய முடியாது. ஆக, நாற்பது வருஷம் ஊன்றிய கோலை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள். அதற்குப் பதிலாக அவர் என்ன கேட்டார்? முந்தின நாளே வசனத் தாள். நியாயமான கோரிக்கை அது. இயல்பாக வரட்டும் என்று நீங்கள் வேண்டுமென்றே தாமதித்துக் கொடுத்தீர்கள். இருபது வயதுப் பையனிடம் அந்த உத்தி பலிக்கும். வெளியூர்க்காரரான ஒரு பெரியவர் "எளுப்பம்", "தள்ளை", "சாடு" என்று நம் பக்கத்துச் சொற்களை இரவு பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் வாங்கி, காலை ஏழு மணிக்கு நாக்கில் ஏற்ற வேண்டும் என்றால், பயந்துபோய்த் தெரிந்த மேடைத் தமிழுக்குத்தான் ஓடுவார். நீங்களும் நானும் ஓடுவோம்.

இன்னும் ஒன்று. "நாடகம்" என்பதை நீங்கள் வசைச்சொல்லாகப் பயன்படுத்தினீர்கள். அது அவருடைய தாய்வீடு. நம் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனும் நாடகக் குழுவிலிருந்துதான் சினிமாவுக்குப் போனார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து, அதாவது சிறுவர்கள் நடித்த நாடகக் குழுக்களிலிருந்து வரும் வழக்கம் அது: அங்கே சொல்லிக் கொடுப்பவர் வாத்தியார், அவர் மூத்தவர். கம்பெனிகள் போன பின்னும் அந்த மனப்பழக்கம் நாடகக்காரர்களிடம் தங்கிவிட்டது. நாற்பது வயது இளையவர் மைக்கில் திருத்துகிறபோது, அதை வாங்கிக்கொள்ள அவருக்கு உள்ளே இடமே கிடையாது.

என் அப்பா திருவிழா நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்தவர். கோயில், சர்ச் எல்லாவற்றுக்கும் போவார். ராஜபார்ட் போடும் ஒரு கிழவர், சுருதியை ஏற்றச் சொல்லி மேடையிலிருந்தே கண்ணால் அதட்டுவாராம். அப்பா ஏற்ற மாட்டார். மேலே போக அவருக்கு மூச்சு இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும். நாடகம் முடிந்து விடிகாலையில் பந்தலுக்குப் பின்னால் டீ குடிக்கும்போதுதான், "அண்ணாச்சி, அரைக்கட்டை இறக்கியே வச்சிட்டேன், குரல் நல்லா உக்காந்திச்சு" என்பார். கிழவரும் "நானும் அதத்தான் நெனச்சேன்" என்பாராம். ஒரு சுற்று டீயில் முடிகிற விஷயம். அதையே மேடையில் சொல்லியிருந்தால் அந்த வருஷத் திருவிழா அத்தோடு முடிந்திருக்கும்.

சிவாஜி உதாரணம் சரியில்லை

பாரதிராஜாவின் படத்தில் சிவாஜி அடக்கி நடித்தது 1985-இல். பாரதிராஜாவின் முதல் படம் 1977-இல் வந்தது. நடுவில் எட்டு வருஷம், பல வெற்றிகள், முட்டம் கடற்கரையிலேயே வந்து படம் பிடித்து, நம் ஊருக்குச் சினிமாவில் ஒரு முகம் கொடுத்திருந்தார். "இவர் சொன்னால் காரணம் இருக்கும்" என்று நம்புவதற்கு சிவாஜியிடம் காரணம் இருந்தது. உங்களை நம்புவதற்கு இவரிடம் இன்னும் எதுவும் இல்லை. ஒரு குறும்படம் இருக்கிறது, அதையும் நீங்கள் அவருக்குக் காட்டவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் அவர் செய்தது எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடன் நடிப்பவருக்குப் பாடம் நடத்துவது உங்கள் வேலைக்குள் கை வைப்பது. அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த உதவி இயக்குநர் பெண்ணை அழ வைத்தது அதைவிட மோசம். தாள் தாமதமானது உங்கள் முடிவு, திட்டு வாங்கியது அந்தப் பெண். நீங்கள் அப்போது பேசாமல் இருந்ததாகத்தான் கடிதத்திலிருந்து தெரிகிறது. நீங்கள் மூத்தவரிடம் போவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

"தம்பி" விஷயத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. நானும் உங்களைத் தம்பி என்றுதானே கூப்பிடுகிறேன். ஆனால் யூனிட் முன்னால் "போதுமா தம்பி" என்பது வேறு. அந்தக் கால செட்டுகளிலும் சின்ன வயது இயக்குநரை "டைரக்டர் சார்" என்று கூப்பிட்டவர்கள் உண்டு. தனியாக இருக்கும்போது தம்பி, செட்டில் டைரக்டர் என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

சென்னைக்குப் போய்

நோட்டீஸை அனுப்பாதீர்கள். வக்கீலாக இருந்துகொண்டு இதை எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது, ஆனாலும் அனுப்பாதீர்கள். பணத்தைக் கேட்க மூன்று வருஷக் காலவரம்பு இருக்கிறது. அடுத்த வாரமே கேட்காவிட்டால் எதுவும் கெட்டுப்போகாது. நோட்டீஸ் போன அன்றைக்கே அவர் தரப்பும் வக்கீலை வைக்கும். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் நேரில் பேசவே முடியாது.

நேரில் போங்கள். மேனேஜரிடம் நேரம் மட்டும் கேளுங்கள், விஷயத்தை அவரிடம் பேசாதீர்கள். போனதும் மன்னிப்பு எதற்கு என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: மைக்கில் சொன்னதற்கு, நாடகத்தை இழுத்ததற்கு. "உங்கள் மனசு புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்காதீர்கள், அது மன்னிப்பே இல்லை. அது முடிந்த பிறகு, அவர் கேட்காமலே, மீதமுள்ள ஒன்பது நாளின் வசனத்தையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். வட்டாரச் சொற்களுக்கு, ஊரில் ஒரு பெரியவரைப் பேச வைத்துப் பதிவு செய்த ஆடியோவும் கொடுத்தால் நல்லது. நடிகர்களுக்குக் காதால் கற்பது எளிது.

அதற்குப் பிறகே உங்கள் பக்கத்து நிபந்தனைகள். வசனம் மாற்ற வேண்டுமென்றால் முந்தின நாள் சொல்ல வேண்டும். மற்ற நடிகர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். உதவியாளர்கள்மேல் வருத்தம் என்றால் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் தர வேண்டியது: கேமரா பக்கத்தில் நிற்பது, இரண்டு ரிகர்சல், நான்காவது டேக்குக்கு மேல் போனால் காரணத்தை அவர் பக்கத்தில் போய் மெல்லச் சொல்வது, பாறைக் காட்சிகளைக் காலை பத்து மணிக்குள் முடிப்பது. மதியம் அந்தப் பாறையில் நின்றால் முப்பது வயதுக்காரனுக்கே தலை சுற்றும். ஒத்துக்கொண்டதை ஒரு பக்கத்தில் எழுதி, மாமாவும் அவரும் கையெழுத்துப் போடட்டும். அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்துக்கு இது இணைப்பாகிவிடும்.

அவர் வரமாட்டேன் என்றே சொல்லிவிட்டால்? அப்போது தயாரிப்பாளர் சங்கம் மூலம் நடிகர் சங்கத்துக்கு மாமா எழுதலாம், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே வழக்கம்தான். அதுவும் பலிக்காவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சமரசத்துக்குச் செலவு அதிகம் ஆகாது. கடைசியில்தான் நஷ்டஈடு வழக்கு. அந்தப் பெரியவர் இறந்துவிட்டதாகக் கதையை மாற்றி முடிக்க முடியுமா என்று இப்போதே எழுதிப் பார்த்து வைப்பதும் தப்பில்லை. பேரம் பேசப் போகிறவனுக்கு மாற்று வழி கையில் இருந்தால் குரல் நடுங்காது.

தூக்கம் வரவில்லை என்பதை லேசாக விட்டுவிடாதீர்கள். பேசிவிட்டு வந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு, அது சட்டம் அல்ல, கடல். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், தென்மேற்குப் பருவக் காற்றில் அந்தப் பாறையில் நிற்கவும் முடியாது. முதல் 12 நாள் எடுத்ததோடு பின்னணி ஒட்டாது. மே மாதத்துக்குள் ஒன்பது நாளையும் முடித்தாக வேண்டும். எனவே இந்த வாரமே டிக்கெட் போடுங்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அவர் கையெழுத்துப் போட்ட இரண்டாம் தவணைக் காசோலையை மட்டும் கொண்டு போங்கள்.